வாவிக்குள் மலை காட்டிய ஆப்

உள்ளங்கையில் போன் சுட்டுக்கொண்டிருந்தது... தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு வாசலில், உப்புக்காற்றில், நானும் தயாளினியும் மலை ஏறுவதற்கு ஒரு மேப் ஆப் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேருக்கும் செங்கலடியில் போன் கோல், போட்டோக்கொப்பி எடுக்கும் ஒரே கொமினிகேஷன் கடையில் முதல் வேலை. அங்கே இருந்துதான், காட்டுக்குள் நிற்கும் குடும்பிமலையில் ஏறும் ஆசை பிடித்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தயாளினியின் அண்ணன் துணைக்கு வருகிறார் என்ற பிறகுதான் இறங்கி வந்தார்.

"பொழுதுபட முதல் வீட்ட வந்திரோணும். பிந்தினா இனி ஒரு இடமும் போக விடமாட்டன்."

ஆக, வழி தவறவே கூடாது. யானைக் காடு வேறு! சிக்னலும் கிடைக்காது. மேப்பை முன்பே இறக்கி வைக்க வேண்டும். என் போனில் ஒன்றுக்குத்தான் இடம்.

கடைசியில் இரண்டு ஆப் மிஞ்சின. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை எது கோடு கோடாகச் சரியாகக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தெரிந்த இடத்தில் பரீட்சை வைப்போம் என்று இரண்டிலும் தேற்றாத்தீவைத் திறந்தோம்.

முதலாவதில் வெறும் பச்சை. ஒரு கோடு கூட இல்லை.

"இது பழுதுகா. அழிச்சி விடுவம்," என்றேன்.

இரண்டாவதில் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின... என்ன அழகு! இதுதான் என்று துள்ளினேன்.

தயாளினி மேப்பை மேற்கே, வாவிப் பக்கம் நகர்த்தினாள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"இஞ்ச பாருகா... ஆத்துக்க மலை நிக்கிது!"

தண்ணீருக்கு மேலேயும் கோடு போட்டு வைத்திருந்தது அந்த ஆப்! விழுந்து விழுந்து சிரித்தோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மட்டமாகக் கிடக்கும் ஊரில் மேடு தேடியிருக்கிறோம். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை. கோடு போடாததுதான் உண்மையைச் சொன்னது.

அழிக்கப் பார்த்த அந்த முதல் ஆப்பிலேயே குடும்பிமலையைத் திறந்தால்... கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மெதுவான சரிவு. போன அன்று, கோடுகள் விலகி நின்ற பக்கமாக மூவரும் ஏறினோம். உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. கீழே காடு, அதற்கப்பால் வட்டை வட்டையாக வயல், தூரத்தில் வாவி. "அம்மோவ்!" என்று கத்தியது நான்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தோம். அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, மறுகா எங்க போப்போறியள்?"

அடுத்த பயணத்தைப் பற்றி அம்மாவே கேட்டதில் வந்த சந்தோஷம் மலை உச்சியில் கூட வரவில்லை.

இப்போது என் போனில் எத்தனை மேப்பும் பிடிக்கும். ஆப் மலையையே நிமிர்த்திக் காட்டுகிறது, திரும்பும் நேரத்தையும் சொல்கிறது. தயாளினி கனடாவில். போன மாதம் அப்புத்தளைப் பக்கம் ஒரு மலை ஏறிவிட்டு, பழக்கதோஷத்தில் அவசர அவசரமாக வீட்டுக்கு ஓடி வந்தேன்.

பொழுதுபட முதலே வந்துவிட்டேன்... அம்மா கண்மூடிய பிறகு, நான் எப்போது வந்தாலும் ஒன்றுதான்.