மேட்டில் நின்றுபோன வெள்ளையன் அண்ணன் கார்

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. போனில் பேசியது எங்கள் தெரு சாந்தி. "டீச்சர், வெள்ளையண்ணன் போய்ட்டாருங்க. நெஞ்சுவலி. மேட்டுல வண்டி நின்னுபோச்சு, அதுக்குள்ள..." என்று அழுதாள். அவர் இறந்ததைக்கூட நம்பிவிட்டேன். வண்டி நின்றதைத்தான் நம்ப முடியவில்லை. "எந்த வண்டி? அவரு வண்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்த வண்டியையும் தெரியும். அவர் அப்பா காலத்துப் பெட்ரோல் அம்பாசிடர். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. எங்கே போவதானாலும் முதலில் மேடு ஏறியாக வேண்டும். பாதை இருக்கும் லட்சணத்துக்கு ஆம்புலன்ஸ் உச்சியோடு நின்றுவிடும். பிரசவமோ பாம்புக்கடியோ, அதுவரை கொண்டு சேர்ப்பது அண்ணனின் கார்தான். அதற்காகவே அதை உயிரோடு வைத்திருந்தார்.

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிய கையோடு தெருவில் நின்று கத்துவார்: "பாரம் வேணும், வந்து குந்துங்க!" சாமை புடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட முறத்தை வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுவார்கள். முழுப் பாரத்தோடு பாதி மேடு ஏறி நிறுத்துவார். பானெட்டைத் திறந்து எதையோ கொஞ்சம் திருகுவார், காது கொடுத்துக் கேட்பார், மறுபடி கிளப்புவார். வழியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒருமுறை நான் திறந்துவிட்டேன். "சத்தமே இல்லாம நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" என்றேன்.

"நின்னுக்கினு இருக்கறப்போ எல்லா இஞ்சினும் நல்லாத்தான் பேசும் டீச்சர். மேடு ஏறச்சொல்ல இன்னா பேசுதுன்னு கேக்கணும். கேக்க வுடுறீங்களா நீங்க?" என்று சொல்லி, அங்கேயே என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் நடந்து வீடு வந்தேன். கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அவ்வளவு முன்கோபக்காரரைத்தான் இப்போது பேனரில் 'சாந்த சொரூபி' என்று போட்டிருக்கிறார்கள்.

பேனர் வைத்தது அவர் தம்பி கோவிந்தன். அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தபோது புளி மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கண்ணமங்கலம் போனான். அங்கே யாரோ மைலேஜ் கூடும் என்று சொல்ல, ஜெட்டை மாற்றிவிட்டு வந்தான். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை சிறிதானால் பெட்ரோல் மிச்சமாகும், சமவெளியில் வண்டியும் ஓடும். பாரத்தோடு மேடு ஏறத்தான் பலம் இருக்காது. அண்ணனிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டு அண்ணன் வண்டியைத் தொடும் முன்பே நெஞ்சுவலி வந்துவிட்டது. அன்றைக்கு வண்டியை ஓட்டியதும் அவன்தான். முதல் வளைவு தாண்டியதும் இஞ்சின் தும்மத் தொடங்கி, அப்படியே அடங்கிவிட்டது. உச்சியில் ஆம்புலன்ஸ் நிற்பது கண்ணுக்குத் தெரிந்ததாம். கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். போய்ச் சேரும்போது மூச்சு இல்லை.

தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் தலை தன் மடியில் இருந்ததாகக் குப்பம்மா அண்ணி சொன்னாள். கண்ணைத் திறந்து, "ஜெட்ட மாத்திக்கீறான்" என்றாராம். அந்த வலியிலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். அப்புறம், "அவன ஒண்ணும் கேக்காதீங்க. டீச்சர் சும்மா இருக்க மாட்டாங்க. வுட்டுடச் சொல்லு" என்றாராம்.

எனக்கு அவர்மீதும் கோபம்தான். ஒரு வார்த்தை பேசியதற்கு என்னை நடு மேட்டில் இறக்கிவிட்ட மனிதர், உயிரை வாங்கியவனை விட்டுவிடச் சொல்கிறார்! இதென்ன நியாயம்?

காரியத்துக்கு அழைக்கக் கோவிந்தன் நேற்று வந்தான். "அவரு விதி அவ்ளோதான், டீச்சர். இன்னா பண்றது?" என்றான்.

"விதியில்ல கோவிந்தா, நீ போட்ட ஜெட்டு. பழச மாட்டிட்டியா?"

"இன்னும் இல்லீங்க. காரியம் முடியட்டும், பாக்கலாம். அது ரொம்பப் பெட்ரோல் குடிக்குதுங்க."

அந்தக் கார் இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் அதே சின்ன ஜெட்டோடு நிற்கிறது. சாந்திக்கு இது நிறைமாதம்.

அதனால் அண்ணனைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். காரியத்துக்கு வரும்போது மாலை வாங்கி வராதீர்கள். ஒவ்வொருவரும் கோவிந்தனிடம் போய், ஜெட்டை மாற்றினாயா என்று கேளுங்கள். மாற்றும்வரை அவன் வீட்டில் கை நனைக்காதீர்கள். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசிச் சொல் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதைக் கேட்டு நடக்கத்தான் போவதில்லை.

விடமாட்டேன், அண்ணே.