பழவங்காடி வழி வேண்டாம்

எனக்கு இப்போதெல்லாம் பயம் நெஞ்சில் வருவதில்லை, காலில்தான் வருகிறது. படபடப்பு, வியர்வை, நாக்கு வறண்டு போவது என்று மற்றவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். முதலில் கால் ஓடும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஓடும். அந்தக் கால்தான் போன மழைக்காலத்தில் என்னை ஒரு பஸ்ஸின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது.

நானும் என் வீட்டுக்காரரும் மரம் வெட்டுகிறவர்கள். அடியோடு வெட்டிச் சாய்க்கிற வேலை குறைவு. ஓட்டுக் கூரைமேல் சாய்ந்த மாங்கொப்பு, கரண்ட் கம்பியை உரசும் பலாக்கொப்பு, மண்டை பட்டுப்போன தென்னை, இப்படித் திருவனந்தபுரத்தில் தெருவுக்கு ஒரு மரமாவது எங்களுக்கு வேலை வைத்திருக்கும். அவர் மேலே ஏறுவார். நான் கீழே கயிறு பிடிப்பேன். அவர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நிழல்மரங்களில் கொப்பு கழித்துப் பழகிய கை. நான் பாறசாலைக்காரி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கொய்யா மரத்தில்கூட ஏறியதில்லை. பெண்பிள்ளை கயிறு பிடிக்க ஆண்பிள்ளை தொங்குகிறானே என்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவருடைய உயிர் தொங்குவது என் கையில்தானே தவிர, சிரிக்கிறவர்கள் கையில் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் வாளைக் கொப்பில் வைப்பதற்கு முன்னால் அவர் மேலே இருந்து "கீழ ஆச்சா?" என்று கேட்பார். நான் கயிற்றைப் பார்ப்பேன், பக்கத்தில் யாராவது வேடிக்கை பார்க்க நிற்கிறார்களா என்று பார்ப்பேன், பிறகு "ஆச்சு" என்பேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் வாள் ஓடாது. போன மழைக்காலம் வரை, பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட ஓடியதில்லை. சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த நாட்களிலும் இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும் மட்டும் பேசிக்கொள்வோம்.

இன்னொன்று, கொப்பு முறிகிற சத்தம் கேட்டால் மேலே பார்க்கக் கூடாது, வெளியே ஓடவும் கூடாது. கயிற்றை விடாமல் அடிமரத்துக்கு ஓடி அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கொப்பு வெளியே தள்ளித்தான் விழும், அடிமரத்தை ஒட்டி நிற்பவள் தலையில் இலைதான் விழும். இதை அவர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னதைத் தலை கேட்டதே ஒழிய, கால் கேட்கவில்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் மாமரம் கழித்தபோது, ஷெட்டில் இரண்டு சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில், ஓட்ட ஆளில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா கொடுத்துவிட்டார். ஒன்று வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் வைத்த கியர் சைக்கிள். மற்றது லேடீஸ் சைக்கிள். அன்றிலிருந்து அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. வாளையும் கயிற்றையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் வீடு இருக்கிற மணக்காட்டிலிருந்து சைக்கிளில் போவோம். தலையில் மரத்துக்குப் போடுகிற அதே மஞ்சள் ஹெல்மெட். கவடியார் பக்கம் காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிற பணக்காரப் பையன்கள் இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். இவரோ அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். ரோட்டையும் கையில் கட்டின வாட்சையும் பார்க்கிறான்களே ஒழிய, தலைக்குமேல் என்ன தொங்குகிறது என்று ஒருத்தனாவது பார்க்கிறானா என்பார். அவர் பார்ப்பார். இந்த வாகைக்கு அடியில் காளான் வந்துவிட்டது, வேர் அழுகிவிட்டது, அந்த பஸ் ஸ்டாப்புக்கு மேலே இருக்கிற கொப்பு அடுத்த மழைக்குத் தாங்காது என்று பெடலை மிதித்துக்கொண்டே எனக்குப் பாடம் நடக்கும்.

எனக்கு அந்தச் சவாரியே பிடிக்காது. மரத்தில் என்றால் கயிறு இருக்கிறது, பிடிக்க நான் இருக்கிறேன். ரோட்டில் அவரை யார் பிடிப்பது? ஒவ்வொரு வண்டி உரசிப் போகும்போதும் நான் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். சொன்னால், மரமாவது முறிவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும், அதைக் கேட்கத் தெரிந்தவனுக்கு ரோடு என்ன பெரிசு என்பார். நல்ல நியாயம்.

மழை தொடங்கின வாரம் வழுதக்காட்டில் ஒரு பலா மரத்தில் வேலை. அவர் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு கொப்பு, உள்ளே பொத்தலாகிப் போயிருந்தது இன்னொரு கொப்பு. அது தானாக முறிந்தது. சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தேன். கொப்பு ஒரு முழம் தள்ளி விழுந்து, பக்கத்திலிருந்த துணி துவைக்கிற கல்லை இரண்டாக்கிவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. உடைந்த கல்லின் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்படி அவர் போட்டுவிட்டு வந்தது அந்த ஒரு வேலைதான்.

மறுநாள் ஆரம்பித்தது எனக்குப் பயிற்சி. பின்னால் வந்து காய்ந்த சுள்ளி ஒன்றை ஒடிப்பார். நான் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டுக் கொல்லையில் நிற்கிற வேப்பமரத்தைத் தொட வேண்டும். சோறு வடிக்கும்போது ஒடித்தார், பல் தேய்க்கும்போது ஒடித்தார். முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சல் வந்தது. இரண்டு வாரத்தில் சுள்ளி ஒடிகிற சத்தம் காதில் விழுவதற்கு முன்னாலேயே கால் வேம்புக்கடியில் இருந்தது.

அந்த நாட்களில் அவரிடமும் சில மாற்றங்கள். தினமும் காலையில் கறிக்குத் தேங்காய் உடைத்துத் தருவது அவர் வேலை. மணிக்கட்டு வலிக்கிறது என்று அதை விட்டுவிட்டார். வேலைக்குப் போகும்போது கிழக்கேகோட்டை, பழவங்காடி என்று நேர் வழியில் போய்க்கொண்டிருந்தவர், அட்டக்குளங்கரையில் திரும்பிக் கிள்ளிப்பாலம் வழியாகச் சுற்ற ஆரம்பித்தார். கேட்டால் டிராபிக் என்றார். சைக்கிளுக்கு என்ன டிராபிக்? கியர் சைக்கிளைக் கூடுதல் தூரம் ஓட்ட இவருக்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பவே தாமதம். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. முந்தின நாள் காற்றும் மழையும், ரோடெல்லாம் இலை. அட்டக்குளங்கரையில் அவர் திரும்பப் போனார். எனக்கு வந்ததே கோபம். ஒரு நாள் நேர் வழியில் போனால் குறைந்தா போய்விடும் என்று கத்தினேன். காலை ஊன்றி நின்றார். "வேண்டாம்ட்டி, பழவங்காடி வழி வேண்டாம்" என்றார். நான் கேட்கவில்லை. அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்து, என்னை முந்திக்கொண்டு முன்னால் போனார்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறது இந்த ஊருக்கே தெரிந்த விஷயம். பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஒன்றிரண்டோடு விடமாட்டார்கள். நான் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு முதல் தேங்காய் உடைந்தது, கொப்பு முறிகிற அதே சத்தம்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் பெடலை ஒரு மிதி மிதித்தது, கை ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பியது. ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு மரம் நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நடுரோட்டில் விழுந்த பிறகுதான் பஸ்ஸைப் பார்த்தேன். அதன் டயரில் இருந்த எழுத்தை வாசிக்கிற தூரத்தில் கிடந்தேன். பிரேக் பிடித்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. சாகத்தான் இறங்கினாயா என்று டிரைவர் மலையாளத்தில் திட்டினார். அதற்குள் கோவிலில் அடுத்த தேங்காய் உடைந்தது, விழுந்து கிடந்த என் கால் மறுபடியும் உதறியது.

பூக்காரி ஒருத்தி ஓடிவந்து என்னைத் தூக்கினாள். போலீஸ்காரர் வந்தார், கடையிலிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார். எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை. நிமிர்ந்து தேடினேன். ரோட்டின் இடப்பக்கம், கியர் சைக்கிள் ஓடையோரத்தில் விழுந்து கிடக்க, அவர் ஒரு மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்தார். ஆனால் அசையவில்லை. பத்தடி தூரம். பிறகு எப்படியோ வந்து, அடிபட்டதா என்று கேட்டார். ஈர இலையில் சறுக்கிவிட்டது என்றேன். "ம்" என்றார்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், பயத்தால்தான். தேங்காய்ச் சத்தத்துக்கே இவள் கால் ஓடும் என்று தெரிந்தால், மேலே நிற்கிற மனுஷனுக்கு என் கயிற்றின்மேல் எப்படி நம்பிக்கை இருக்கும்? நம்பிக்கை இல்லாமல் ஏறினால் கை வழுக்கும். அதனால் மறைத்தேன். மறைத்ததோடு அவர்மேல் கோபமும் வளர்ந்தது. பத்து வருஷமாக இவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவருக்கு எனக்காகப் பத்தடி ஓடிவர முடியவில்லையே என்று மனசு ஆறவே இல்லை. மூன்று நாள் மழையில் வேலை இல்லை. வீங்கின முட்டியோடு வீட்டில் இருந்தேன். கறிக்கு நான் தேங்காய் உடைக்கவில்லை, ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

நாலாவது நாள் சாஸ்தமங்கலத்தில் ஒரு பெரிய அயனி மரம். பட்டுப்போன கொப்பு வீட்டுக்கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் ஏறினார். கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொல்லையில் அயனி தவிர இன்னும் மூன்று மரம் இருந்தது. அதை எண்ணிப் பார்த்ததுதான் தப்பு. சத்தம் கேட்டால் என் கால் எந்த மரத்துக்கு ஓடும்? கயிற்றோடு ஓடுமா, விட்டுவிட்டு ஓடுமா?

"கீழ ஆச்சா?" என்றார்.

வாய் திறக்கவில்லை. கயிறு சரியாகத்தான் இருந்தது, பக்கத்தில் ஆளும் இல்லை. சொல் மட்டும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அந்த வீட்டம்மா வெளியே வந்து என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. வாளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பிறகு நான் பிடித்திருந்த கயிற்றை நம்பியே அவரும் இறங்கினார்.

"என்னட்டி?" என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். இலை சறுக்கவில்லை, தேங்காய்ச் சத்தம், கால், பஸ், எல்லாம். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "நான் ரோட்டுல கிடக்கேன், நீங்க மரத்துல சாஞ்சுக்கிட்டு வேடிக்கை பாக்கீங்களே, ஏன் வரல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் வேடிக்கை பாக்கலட்டி. நானும் அந்தத் தேங்காயைக் கேட்டுத்தான் ஓடினேன். எனக்கு மரம் இந்தப் பக்கம் இருந்துச்சு, உனக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. வேற ஒரு வித்தியாசமும் இல்ல, கேட்டியா. அடுத்தடுத்து உடைச்சாங்களா, மரத்தை விட்டு என்னால நகர முடியல."

மணிக்கட்டு வலியும் கிள்ளிப்பாலம் வழியும் எனக்கு அப்போதுதான் விளங்கின. பலாக்கொப்பு முறிந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். அது என்மேல் விழப்போவதை அவர் மேலேயிருந்து பார்த்திருக்கிறார். மரத்துக்கு மேலே நிற்கும்போதும் அந்தப் பயம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்.

வீட்டம்மா இரண்டு டம்ளரில் பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். மழை வருகிற மாதிரி இருந்தது, வந்தால் அந்தக் கொப்பு கூரையில்தான் விழும். அவர் எழுந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினார். நான் கயிற்றை மறுபடியும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"கீழ ஆச்சா?"

"ஆகல" என்றேன். "ஆனா புடிச்சிருக்கேன்."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக, என் "ஆச்சு" இல்லாமல் வாள் ஓடியது.