டோக்கன் வாங்கிய மெடிக்கல் ரெப்

என் கொழுந்தன் ரதீஷுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவன் முதலில் வாங்கியது ஒரு டை. அதைத் தானே கட்டிக்கொள்ள அவனுக்குத் தெரியாது. காலையில் தோசைக்கல்லையும் பார்த்துக்கொண்டு அவன் கழுத்தையும் இறுக்கிவிட்டது நான்தான்.

வேலை இதுதான்: டாக்டர்களைப் பார்த்து, கம்பெனியின் இருமல் மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்லி, எழுதவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் இரணியலில் என் வீட்டுக்காரர் நடத்தும் உரக்கடையில் மூட்டை தூக்க வேண்டும். உரக்கடை என்றாலே ரதீஷுக்கு முகம் சுண்டிவிடும்.

அடுக்களையில் நான் தேங்காய் துருவும்போது என்னை டாக்டராக நினைத்துக்கொண்டு ஒப்பிப்பான். எல்லாம் கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ்.

"சவம், நிறுத்துலே. குடிச்சா தூக்கம் வருமா, கசக்குமா, அதச் சொல்லு."

"அது கடைசிப் பக்கத்துல வரும் மதினி."

"அதுக்கு முந்தி டாக்டரு உன்ன வெளிய போகச் சொல்லீருவாரு."

ஆனால் கோளாறு பேச்சில் இல்லை, காத்திருப்பதில். திருவட்டாற்றில் ஜெபகனி என்று ஒரு டாக்டரம்மா. எப்போதும் கூட்டம். நாலைந்து நோயாளிகள் போனதும் இடையில் ஒரு ரெப்பை உள்ளே விடுவார்கள். மற்ற ரெப்புகள் கதவு திறந்ததும் நுழைந்துவிடுவார்கள். இவன் முறை வரும்போது பக்கத்தில் யாராவது ஒரு பெரியவர் இருமுவார். "நீங்க போங்க பாட்டா, எனக்கு அவசரமில்ல" என்று எழுந்து நிற்பான். "நீ உரக்கடைக்காரருக்கத் தம்பியில்லா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. அவர்களையும் அவர்கள் கூட்டிவந்த பிள்ளைகளையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிடுவான். இந்த வீட்டு ஆண்களுக்குப் பந்தியில் இலையை மறைத்து வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெரியாது. உடம்பைப் பார்த்தாலே புரியும்.

ஒரு நாள் நல்ல புழுக்கம். டையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பைக்கில் அலைந்ததில் சளியும் இருமலும் வேறு. டோக்கன் கொடுக்கும் தங்கபாய் பாவப்பட்டு, "தெனமும் வந்து இருந்துட்டுப் போறியே, டோக்கன் வாங்கத் தெரியாதா மக்கா?" என்று கையில் ஒன்றைத் திணித்துவிட்டாள். இவனும் வாங்கிக்கொண்டான். உள்ளே போனதும் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டிக்கொண்டு கம்பெனிப் பெயரை எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பாட்டில் இருமல் மருந்து. போட்டிக் கம்பெனியுடையது.

"ஏலே, விக்கப் போனியா, வாங்கப் போனியா?"

"அவிய கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன் மதினி. நான் யாருன்னு மட்டும் கேக்கல்ல."

சிரிக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவனுடைய மேனேஜர் முருகதாஸ் நாகர்கோவிலிலிருந்து வந்து, கூடவே டாக்டரைப் பார்க்கப் போகிறார். டாக்டருக்கு உன்னைத் தெரியாவிட்டால் அன்றைக்கே கம்பெனிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று போனில் சொல்லிவிட்டாராம்.

இதற்குள் அவன் இருமல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை நானும் டோக்கன் வாங்கி அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். இருமல் பாதிக் காரணம்தான். ரதீஷின் முறை வந்தது. கைத்தடியோடு ஒருவர் பக்கத்தில் அசைந்தார். "நீங்க..." என்று இவன் ஆரம்பிக்கும்போதே சட்டையைப் பிடித்துக் கதவுப் பக்கம் தள்ளினேன்.

"பாட்டா அடுத்து போவாரு. நீ நட."

முருகதாஸ் என்னை முறைத்தார். நான் இருமினேன்.

கதவில் திரை மட்டும்தான். உள்ளே பேசுவதெல்லாம் பெஞ்சுக்குக் கேட்டது.

"வா மக்கா, இருமல் எப்பிடி இருக்கு?" என்றார் டாக்டர்.

"கொறஞ்சிருக்கு டாக்டர்."

"நம்ம ரதீஷ நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!" முருகதாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"தெரியாம? மருந்து எழுதிக் குடுத்தேன் இல்லியா. நீங்க இவனுக்க அண்ணனா?"

"மேனேஜர், டாக்டர். இவரு எங்க கம்பெனி ரெப்."



"ரெப்பா? நீங்களும் இருமல் மருந்துதான விக்கிய? பின்ன எதுக்குலே வேற கம்பெனி மருந்த வாங்கிக் குடிச்ச?"

"நீங்க எங்க மருந்த எழுதல்லியே டாக்டர்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் தங்கபாய் ஓடிப்போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள்.

"செரி, உனக்க மருந்தப் பத்திச் சொல்லு. சட்டுன்னு."

பயத்தில் அவனுக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. "தூக்கம் வராது டாக்டர். பைக் ஓட்டுகவங்களும் குடிக்கலாம்."

"கசக்குமா?"

"நல்லாக் கசக்கும். எங்க மதினியும் அதத்தான் மொதல்ல கேட்டாவ."

முருகதாஸ் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"கசக்கும்னு ஒத்துக்கிட்ட மொத ரெப்பு நீதான். அடுத்த இருமலுக்கு எழுதிப் பாக்கேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்த ரதீஷின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது. முருகதாஸ் அவன் முதுகில் தட்டிக்கொண்டே போனார். கைத்தடிக்காரர் முழங்கால் வலிக்கு வந்தவர். சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். அடுத்த டோக்கன் என்னுடையது. அடுத்த இருமலும் என்னுடையதுதான்.

டாக்டர் எழுதிய முதல் பாட்டிலை மருந்துக் கடையில் நான்தான் வாங்கினேன். ரதீஷ் பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு கசப்பு. ஒரு வேளையோடு விட்டுவிடலாம் என்று பார்த்தால், கரண்டியோடு அடுக்களை முழுக்கத் துரத்துகிறான்.

"நீங்கதான் எனக்க மொத கஸ்டமரு மதினி. பாட்டில முடிக்கணும்."

அவனுக்கு உரக்கடை வேண்டாம் என்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். காலையில் டையைக் கட்டிவிடச் சொல்லி வந்து நின்றான். வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டேன்.