எமிலியானா பார்க்காத தொடர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு பலெர்மோவில் வெயில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பொலிதேயாமா வட்டாரத்தில், நாலாம் மாடி பல்கனியில், எமிலியானா மத்தியானத்தில் இரண்டு கதிரைகளைப் போடுவாள். ஒன்றில் கண் மங்கிப்போன முதிய வீட்டுக்காரி சிஞ்ஞோராவை இருத்தி, மடியில் கம்பளியை விரித்துவிட்டு, மற்றதில் தான் இருப்பாள். அப்போதுதான் தொலைக்காட்சியில் தொடர் முடிந்திருக்கும். அதை இன்னொருதரம் கதைத்தால்தான் இருவருக்கும் சாப்பிட்டது செமிக்கும்.

மன்னாரிலிருந்து வந்து அந்த வீட்டில் சமையல், கழுவல், சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டல் எல்லாம் அவள்தான். அவளுடைய இத்தாலியனில் பாதி அந்தத் தொடர் கொடுத்தது. தொடர் ஓடும்போது காதால் கேட்பது சிஞ்ஞோரா, பார்த்துச் சொல்வது அவள்.

"அந்தக் கள்ளி இப்ப சிரிக்கிறாளோ?"

"ஓம் சிஞ்ஞோரா. கடைவாய்ப் பல்லும் தெரியுது."

"சிரிக்கட்டும். எங்கடை டாக்டர் அவளுக்கு நல்ல பாடம் படிப்பிப்பான்."

அந்த இளம் டாக்டர் சிஞ்ஞோராவுக்குப் பெறாத பிள்ளை.

மாசியில் எமிலியானாவுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் பிரச்சினை வந்தது. பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் போய்ப் போய் நின்றாள். பிறகு வா, பிறகு வா என்றார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள். விபூதிப் புதனன்று மடுமாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: உயிர்த்த ஞாயிறு வரை தொடர் பார்ப்பதில்லை. இறைச்சியை விடுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. பிடித்ததை விட்டால்தானே ஒறுத்தல்.

"நான் கண் தெரியாதவள். நீ வேணுமெண்டு கண்ணை மூடுறவள். நல்ல சோடி!" என்று சிஞ்ஞோரா கேலி செய்தாள். "உன்ரை மாதாவுக்கும் டாக்டரின்ரை பாடு என்னெண்டு அறிய ஆசை இருக்குமடி."

எமிலியானா சிரித்தாள். ஆனாலும் தொடர் தொடங்கியதும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் கதவைத் திறந்து வந்தபோது சிஞ்ஞோராவின் கன்னம் நனைந்திருந்தது.

"டாக்டர் செத்துப்போனான்."

"வடிவாய்க் கேட்டனீங்களோ?"

"கோயில் மணி அடிச்சுது. பெட்டை குழறி அழுதாள். பிறகு அவன்ரை குரலே இல்லை."

எமிலியானாவால் இல்லையென்றும் ஓமென்றும் சொல்ல முடியவில்லை. ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கு வரும் ஊர்க்காரி ஜூலி தொடரை ஒருநாளும் விடாதவள், அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டறிந்தாலும் நேத்தி முறிந்துபோகுமோ, பெர்மெஸ்ஸோ வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா தொலைக்காட்சியைப் போட விடவில்லை. பல்கனிக்கு வரவுமில்லை. வெளியே வெயில் இளஞ்சூடாக விழுந்து கிடக்க, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பார்க்க வந்த மகள் பயந்துபோய், தாயை வடக்கே தான் இருக்கும் தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய கிழமை தொடங்க முன் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் எமிலியானா நடந்ததையெல்லாம் ஜூலியிடம் சொன்னாள். ஜூலி பிடித்துக்கொண்டாள். "ஆரடி சொன்னது டாக்டர் செத்ததெண்டு? செத்தது அவற்றை தேப்பன். டாக்டர் சவத்துக்குப் பக்கத்திலை வாய் திறக்காமல் நிண்டவர். நேத்தி உன்ரை கண்ணுக்குத்தானே? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டால் மாதா கோவிக்கப்போறாவோ?"

அடுத்த நாள், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுத் திறப்பைக் கொடுத்துவிடவென்று கடைசியாக அந்த வீட்டுக்குப் போன எமிலியானா, தொரினோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மகள் தாயிடம் கொடுத்தாள்.

"சிஞ்ஞோரா, டாக்டர் சாகேல்லை. செத்தது தேப்பன். டாக்டர் உயிரோடை இருக்கிறார்."

"நீ பார்த்தனியோ?"

"இல்லை. ஜூலி பார்த்தவ."

"நல்ல பிள்ளை நீ. என்னைத் தேற்றுறதுக்குச் சொல்லுறாய்." குரலில் கோபமே இல்லை. "இஞ்சை குளிரடி. அங்கை வெயிலோ?"

"ஓம் சிஞ்ஞோரா. நல்ல வெயில்."

"சொல்லு. எங்கை வரைக்கும் விழுது?"

தொலைபேசி வயர் பல்கனி வரை எட்டவில்லை. எட்டிய மட்டும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று, வெறுங்கதிரையில் விழும் வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.