ராகுகாலத்துக்கு முன் ஒரு செல்ஃப்

அக்கா வீட்டுக்காரரின் கார் என் பட்டறைக்குள் நுழைந்தால் அன்றைக்கு எனக்கு நிம்மதி போச்சு. அந்த அளவுக்கு அவசரக்காரர் மச்சான். ஆனால் வாடகைக்கு ஓடும் வண்டி அது. அது நின்றால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்றுதான் வண்டியூரிலிருந்து திருப்பரங்குன்றம் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். இன்ஜின் கவரைக் கழற்றிப் பார்த்தேன். டைமிங் பெல்ட் ஓரம் நைந்து, பல் வெடித்து, ஒரு பல் தாண்டி உட்கார்ந்திருந்தது. வழியில் அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை புது பெல்ட் மாட்டினேன். மச்சான் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சாவியோடு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“மாப்ள, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முந்தி ஒரு செல்ஃப் அடிச்சிரணும்.”

“நான் சொல்லாம சாவியத் தொடாதீக மச்சான்.”

இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். பல்சக்கரத்துக் குறியும் இன்ஜின் குறியும் நேராகச் சேரவில்லை, ஒரு பல் தள்ளி நின்றது. எனக்கு என் மேலேயே எரிச்சல். பெல்ட்டை மறுபடி தளர்த்திப் பல்சக்கரத்திலிருந்து பாதி உருவினேன்.

“ஆச்சா? இன்னும் எம்புட்டு நேரம்?” என்று உள்ளேயிருந்து ஒரே நச்சரிப்பு. என் விரல்கள் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தன.

‘டக்’கென்று சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கையை வெடுக்கென்று வெளியே இழுத்தேன். இன்ஜின் அசையவில்லை.

“என்ன மாப்ள, லைட்டே எரியல?”

“பேட்டரி வயரக் கழட்டி வச்சிருக்கேன்! இல்லாட்டி உங்க இன்ஜினும் போயிருக்கும், என் விரலும் போயிருக்கும். எறங்குங்க மொதல்ல!” மூத்தவர் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

இறங்கி வந்தவர் தொங்கிய வயரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

குறி சேர்த்து, வயரையும் மாட்டி முடிக்கும்போது ராகுகாலம் பாதி ஓடியிருந்தது. “பன்னெண்டு வரைக்கும் பொறுக்கலாமா மச்சான்?” என்று நானே கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் அடியிலேயே இன்ஜின் பிடித்து, பிசிறில்லாமல் ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சான் குனிந்து, டயருக்கடியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வண்டிக்குச் சுற்றப் போகிறார் என்று நினைத்தேன். கிரீஸ் அப்பியிருந்த என் கையைப் பிடித்து, அதற்கு மூன்று தரம் சுற்றி, தெருவில் கொண்டுபோய்ப் போட்டுக் காலால் நசுக்கினார்.