ஹேஸல்டீன் வீட்டின் பின்வாசல்

ஹேஸல்டீன் வீட்டை விற்றுவிட்டார்கள், அங்கே இருந்த கிழவனையும் அனுப்பிவிட்டார்களாம் என்று போன வாரம் இங்கே கோலாலம்பூரில் ஒருவர் சொன்னார். அவர் இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்காரர். அவருக்கு அதைச் சொன்னது அவருடைய மைத்துனர். அந்த மைத்துனர் நுவரெலியாப் பக்கம் போயே பல காலமாகிறதாம். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிழவன் என் பெரியப்பா, இராயப்பன்.

நுவரெலியாவில் ஏரியைப் பார்த்த மேட்டில், சைப்ரஸ் வேலிகளுக்குள் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வீடுகள் நிற்கின்றன. ஹேஸல்டீன் அவற்றில் பழையது. தேக்குப் படிக்கட்டு, அறைக்கு அறை கணப்பு, சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி. துரைசானி சீமைக்குப் புறப்பட்டபோது பத்திரிகையில் வந்த விற்பனை விளம்பரத்தில் இவையெல்லாம் இருந்தன. சமையலறைக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஓர் அறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. பெரியப்பா வாழ்ந்தது அந்த அறையில்தான்.

அவர் முதலில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக இருந்தார். சமைப்பது, பரிமாறுவது, துரையின் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது எல்லாம் அவர்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் துரை நுவரெலியா வீட்டுக்குக் குடிபோனார், பெரியப்பாவையும் அழைத்தார். அப்படிப் போனால் தோட்டத்து ஆள் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில், இருந்த அறையும் போய்விடும்.

"அண்ணே, பேர வெட்ட விடாதீங்க. தொர இன்னைக்கு இருப்பாரு, நாளைக்குப் போவாரு" என்று என் அப்பா கெஞ்சினார்.

"போடா. இந்த வீட்டுல ஒரு கதவு செய்யற மரத்துல ஒங்க லயத்தையே கட்டலாம். இது எங்க போகப் போவுது?" என்றாராம் பெரியப்பா.

வீடு எங்கேயும் போகவில்லைதான். இலங்கைக் குடியுரிமைக்குப் பெரியப்பா போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது. பெரியம்மா இறந்தார். துரையும் இறந்தார். மகள் பவுலின் டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கினாள். போன வருடம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் தோட்டத் தமிழரைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தபிறகு, யார் இந்தியாவுக்குப் போவது, யார் இருப்பது என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. பெரியப்பா பிறந்தது டிக்கோயாவில். அவருடைய அப்பா திருச்சிப் பக்கம் என்பார்கள்; ஊரின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. வீட்டை வாங்குகிறவர் அவரை வைத்துக்கொண்டால் அந்த அறை உண்டு. இல்லையென்றால் கப்பல்தான்.

நான் இங்கிருந்து விடுமுறையில் போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது. கொழும்பிலிருந்து வாங்குகிறவர் மறுநாள் வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். பெரியப்பா எல்லாக் கணப்பிலும் நெருப்பு மூட்டி, ஈரவாடையைப் போக்கி, வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குடை பிடித்தபடி முன்வாசலில் வந்து நின்று மணியை அடித்தார்.

பெரியப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பழைய சாமான் எடுக்க வந்தவரு போல. முன்னுக்கு வந்து நிக்கிறாரு பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்தார். "ஐயா, பின்னால வாங்க. கொடைய மடக்கிக்குங்க."

அந்த வீட்டின் வழக்கம் அது. தோட்டத்துப் பெரிய கிளார்க்கரானாலும் கடை முதலாளியானாலும் பின்வாசல்தான். குடையை மடக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். இரண்டு மொழியில் படித்த நானும் அந்த வழியாகத்தான் வந்திருந்தேன்.

வந்தவர் குடையை மடக்கிக்கொண்டு சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றினார். சமையலறை விசுப்பலகையில் உட்கார்ந்தார். பெரியப்பா பீங்கான் கோப்பைகளைத் தொடாமல், வெளியாட்களுக்கென்று வைத்திருந்த தகரக் குவளையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"முன்வாசல்ல யாரு போவாங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"தொரைங்க போவாங்க."

"தொரைங்கதான் கப்பல் ஏறிட்டாங்களே?"

"வீடு ஏறலீங்களே. வீடு இங்கதானே இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, வீட்ட வாங்கப் போறவரு வந்தா?"

"அவரு கொழும்புப் பெரிய மனுசருங்க. காருல வருவாரு, கோட்டு போட்டிருப்பாரு. ஒங்கள மாதிரியா சேத்துல நடந்து வருவாரு?"

அவர் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வழியில காரு நின்னுபோச்சு. நாளைக்குக் கோட்டு போட்டுக்கிட்டு வாறேன். கணேசமூர்த்தின்னு பேரு. தரகர்கிட்ட கேட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினார். பெரியப்பா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். "முன்னால வாங்கய்யா, வீட்டப் பாருங்க" என்று அவர் கூப்பிட்டபோது, குடை வேலியைத் தாண்டிவிட்டது.

மறுநாள் தரகர் தனியாக வந்தார். "ஐயா வீட்ட எடுத்துக்கிறாரு. ஒங்க விசயத்த அவரே போன்ல சொல்றேன்னாரு" என்றார்.

"கோவமா இருக்காருங்களா?"

"சிரிச்சாரு."

"அதுதாங்க பயமா இருக்கு" என்றார் பெரியப்பா.

அன்று மாலை, அவருக்குத் தைரியம் சொல்ல பவுலின் வந்திருந்தாள். "ஆளு யாருன்னு கேட்டுட்டு அனுப்பியிருக்கலாமேப்பா?" என்றாள்.

"நம்ம ஆளுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிச்சு. நம்ம ஆளுங்கறதாலதான் பின்னால வரச்சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் கூடத்தில் தொலைபேசி அடித்தது. இத்தனை வருடமும் அது அடித்தால் ஓடிப்போய், "குட் ஈவினிங், ஹேஸல்டீன்" என்று துரை மாதிரியே சொல்கிறவர் பெரியப்பா. கிண்டலுக்காக நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிக் காட்டியதுண்டு. அன்று அவர் அதன் முன்னால் போய் நின்றார். கையைத் துடைத்தார். எடுக்கவில்லை.

"எடுங்கப்பா!"

"எடுத்தா சொல்லிருவாரு."

"எடுக்கலன்னா இங்க ஆளே இல்லன்னு நெனச்சுக்குவாருப்பா."

"சொல்ற வரைக்கும் நான் இங்கதானே இருக்கேன் பவுலினு."

பவுலின் கை நீட்டினாள். அவர் மறித்தார். மணி ஓய்ந்தது. நான் புறப்படும் வரையில் இன்னும் இரண்டு தரம் அடித்தது; இரண்டு தரமும் அப்படித்தான். நல்ல சேதியாகக்கூட இருக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "இருக்கும் தம்பி, இருக்கும்" என்று என் தோளைத் தட்டினாரே தவிர, நகரவில்லை.

இன்று தபால் நிலையத்துக்கு வந்து, ஹேஸல்டீனுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்து, இப்போதுதான் இணைப்புக் கிடைத்தது. மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை, துண்டிக்கட்டுமா என்று எக்ஸ்சேஞ்ச் பெண் இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்கிறேன். வீட்டில் ஆளில்லாமல் அடிக்கிறதா, கையைத் துடைத்துக்கொண்டு அவர் அதன் முன்னால் நிற்கிறாரா, இங்கிருந்து எப்படித் தெரியும்? கூப்பிடுவது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவர் எடுத்தால்தான் அதைச் சொல்ல முடியும். மணி போய்க்கொண்டே இருக்கிறது.