சுரங்கத்துக்குள் நின்ற பொம்மை ரயில்

அன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பள்ளி விடுமுறை, மகளுக்கு ஆறு வயது, விடிந்ததிலிருந்து ரயில் ரயில் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பொம்மை ரயில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு டியூட்டி. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

என் கணவருக்கு மலைப்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. அங்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் கதை முடிந்தது. அதனால் டிரைவரிடம் ஒரு வளையத்தைக் கொடுத்துத்தான் ரயிலை அனுப்புவார்கள். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை. அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைக் கைமாற்றலாம். இதைச் சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. "போதும், சோறு ஆறுது" என்பேன். மகள்தான் கையில் பிசைந்த சோறு காய்வது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மண்டபத்தின் நடுவில் மேசைகளைச் சேர்த்து ஒரு மலைநாட்டையே செய்து வைத்திருந்தார்கள். தேயிலை மலை, பாலம், ஸ்டேஷன்கள், சுரங்கம். மேசையைச் சுற்றித் தரைவரை கறுப்புத் துணி. பிள்ளைகளே ரயிலை ஓட்டலாம் என்பதுதான் விசேஷம். நாலு பாதை, பாதைக்கு ஒரு கம்பி வளையம். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் ரயில் போகும். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் அங்கே காத்திருக்கும் பிள்ளையிடம் வளையத்தைக் கொடுக்க வேண்டும். சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே பிள்ளைகள் மட்டும், பெற்றவர்கள் வெளியே. உள்ளே ஒரே கூச்சலும் சிரிப்பும். ஒரு பையன் ரயிலோடு சேர்ந்து தானும் ஊதிக்கொண்டிருந்தான்.

மகளின் முறை வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அச்சு அசலாக அவளுடைய அப்பா போல முகத்தை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ரயில் பாலத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஜன்னல்களையும் துணியால் மூடியிருந்தார்கள், ஒன்றுமே தெரியவில்லை. எல்லாரும் வெளியே வாங்க, வெளியே வாங்க என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தார்கள், ஒவ்வொன்றையும் ஒரு அம்மாவோ அப்பாவோ பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் வரவில்லை.

திரும்ப உள்ளே ஓடினேன். போனில் வெளிச்சம் போட்டு மூலை மூலையாகப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, பிறகு தொண்டை கிழிய. பதில் இல்லை. அப்படியானால் வெளியேதான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். என் குரலைக் கேட்டும் பேசாமல் இருப்பாள் என்று நான் எப்படி நினைப்பேன்?

வாசலில் பொம்மைக் கடை போட்டிருந்த, மடவளை ஊர் முஸ்லிம் நானா, "பதறாதீங்க தங்கச்சி, இந்தப் பக்கம் தனியாப் புள்ள போகல்ல" என்றார். ஆனால் அந்த மண்டபத்துக்கு இன்னொரு வாசல் இருந்தது. அது ரோட்டைப் பார்த்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாவி.

வாவிக்கரையில் செருப்பு அறுந்துபோக ஓடினேன். தண்ணீரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். பாடசாலைக் காவலாளி என் பின்னால் வந்து, பிள்ளை என்ன நிறக் கவுன் போட்டிருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். காலையில் நான்தான் அயன் பண்ணிப் போட்டுவிட்டேன். நிறம் ஞாபகம் வரவில்லை. பெற்ற தாய்க்கு நிறம் தெரியவில்லை என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் செத்துவிடலாம் போல இருந்தது. கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், எடுத்தால் என்ன சொல்வது?

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். போலீசுக்குப் போவோம் என்று காவலாளி சொன்னார். பாடசாலை வாசலுக்குத் திரும்பி வந்தபோது, ரயில் மேசையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒரு வளையம் குறையுது. உங்கட பிள்ளையிட்டத்தான் கடைசியா இருந்தது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "எம் புள்ளையக் காணோம், நீங்க வளையம் எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?"

அவர் பயந்துபோனார். "இல்லையக்கா. கரண்ட் போன உடன எல்லாப் பிள்ளையளிட்டயும் வளையத்தை வாங்கினனான். இந்தப் பிள்ளை தரேல்ல. ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கு வரேல்லையாம். பிறகு இருட்டுக்குள்ள எங்க போனதெண்டு தெரியேல்ல."

சட்டையை விட்டுவிட்டேன். அவள் எங்கேயும் போகவில்லை. ரயிலைப் பாதையில் விட்டுவிட்டு வளையத்தோடு போகிறவளா அவள்? நேரே உள்ளே போய், போன் வெளிச்சத்தில் சுரங்கம் இருந்த பக்கத்தில் கறுப்புத் துணியைத் தூக்கினேன். மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளையம் தோளில் அப்படியே இருந்தது. கவுன் மஞ்சள் நிறம்.

கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கையைப் பிடித்து வெளியே இழுத்து முதுகில் அடித்தேன், இரண்டு அடி, அத்தனை பேருக்கும் முன்னால். "கூப்பிட்டது கேக்கலயா?"

"கேட்டுச்சும்மா" என்றாள். "ரயிலு சுரங்கத்துக்குள்ள நிக்குது. இத குடுத்தா இன்னொரு ரயில அனுப்பிருவாங்க. இடிச்சிரும்."

கேட்டிருக்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் கேட்டுக்கொண்டு, இருட்டுக்குள் பயத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அடுத்ததாக நான் செய்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதைப் பிடுங்கி அந்தத் தம்பியின் கையில் கொடுத்தேன். பிடுங்கிய பிறகுதான் அழுதாள். "இனிமே அம்மா கூப்பிட்டா எது கையில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வரணும், சத்தியம் பண்ணு" என்றேன். விக்கிக்கொண்டே என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

பின்னேரம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "புள்ள செஞ்சது சரிதான்" என்றார், என்னைப் பார்க்காமலே. அதற்காக அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு மகள் ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். ஒரு குரல் போதும். பென்சிலைப் போட்டுவிட்டு வருவாள், சாப்பாட்டைப் போட்டுவிட்டு வருவாள். உன் பிள்ளை சொன்ன சொல் கேட்கிறாளே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் ஸ்கூல் வேன் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போனது. வழக்கமாக இந்தப் பக்கம்தான் இறக்குவார்கள். நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டத்தான் கையைத் தூக்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கீழே போட்டாள். இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. மாத்தளை பஸ் ஒன்று பிரேக் அடித்துச் சறுக்கிக்கொண்டு வந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைத்தான் ஏசினார்.

ஓடிப்போய் அவளை வாரி எடுத்தேன். "ஏம்மா இப்படி ஓடி வந்த, ஏம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அடிப்பேனோ என்று என் கையை ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்க கூப்பிட்டீங்களேம்மா" என்றாள்.